நூறு எண்கள், ஒரே கட்டளை

பள்ளி விளையாட்டுத் திடலில் காலை வேளையில் நடைபெறும் உடற்பயிற்சியை நீங்கள் யாவரும் அறிவீர்கள். நூறு மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆசிரியர் ஊதலை ஊதி, "வலப்புறம் திரும்பு" என்கிறார். நூறு பேரும் ஒருசேரத் திரும்புகிறார்கள். அவ்வாசிரியர் அவ்வாறு செய்யாமல், ஒவ்வொரு மாணவனாகப் பெயர் சொல்லி அழைத்து, "நீ திரும்பு" என்று கூறி, அவன் திரும்பினானா என்று பார்த்து, கையிலுள்ள பட்டியலில் ஒரு கோடு இட்டுவிட்டு அடுத்தவனிடம் சென்றால் எப்படியிருக்கும்? வேலை நடக்காது என்று சொல்ல முடியாது, நடக்கும். ஆனால் பாடவேளை அதிலேயே தீர்ந்துவிடும். அதனினும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பட்டியலில் யாரேனும் ஒருவனுடைய பெயர் விட்டுப்போகலாம். விட்டுப்போனது ஆசிரியருக்குத் தெரியாமலே போகலாம்.

புள்ளியியல் கணக்குகளைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும்போது இவ்விரு வழிகளும் நம் முன் நிற்கின்றன. எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யுமாறு நிரல் எழுதுவது ஒரு வழி. இவ்வாறு திரும்பத் திரும்ப நடக்கும் பகுதியை மடக்கு என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன. எண்களையெல்லாம் ஒரே வரிசையாகப் பிடித்து, அவ்வரிசை முழுமைக்கும் ஒரே கட்டளை இடுவது மற்றொரு வழி. இத்தகைய வரிசையைத் திசையன் என்பர். இன்று நாம் எண்வரிசை என்றே சொல்லிக்கொள்வோம். எண்வரிசை முழுவதையும் ஒருங்கே ஏற்று வேலை செய்யக்கூடிய செயற்கூறுகள் புள்ளியியலுக்கென அமைந்த நிரல்மொழிகளில் முன்னரே செய்து வைக்கப்பட்டுள்ளன. அவை இருக்க, மாணவர் பலர் மடக்கையே நாடுகின்றனர். அதனால் நேரும் இழப்பு வேகம் ஒன்று மட்டும் அன்று என்பதை எடுத்துக்காட்டுடன் கூறுவதே இன்று என் நோக்கம்.

எடுத்துக்காட்டாக நைல் ஆற்றை எடுத்துக்கொள்வோம். எகிப்து நாட்டின் வாழ்வு அவ்வாற்றைச் சார்ந்தது என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள அசுவான் என்னும் ஊரில், ஓராண்டில் எவ்வளவு நீர் ஆற்றில் சென்றது என்று அளந்து குறித்த பட்டியல் ஒன்று உண்டு. 1871 முதல் 1970 வரை, ஆண்டுக்கு ஓர் எண்ணாக நூறு எண்கள் அதில் இருக்கின்றன. அதன் அலகு பத்துக் கோடி கன மீட்டர். முதல் எண் 1120. அதாவது, 1871-ஆம் ஆண்டில் சென்ற நீர் 11,200 கோடி கன மீட்டர். பட்டியலில் மிகப் பெரிய எண் 1879-ஆம் ஆண்டுக்குரிய 1370. மிகச் சிறியது 1913-ஆம் ஆண்டுக்குரிய 456. புள்ளியியலாரிடையே பெருவழக்கிலுள்ள ஆர் என்னும் நிரல்மொழியைக் கணிப்பொறியில் நிறுவுகின்ற எவருக்கும் இப்பட்டியல் அம்மொழியுடனேயே கிடைத்துவிடுகிறது. நைல் என்பதே அங்கும் அதன் பெயர்.

இந்நூறு எண்களின் சராசரி என்ன? மடக்கு வழியில் இதனைக் கேட்க வேண்டுமானால் கணிப்பொறியிடம் நாம் பின்வருமாறு பேச வேண்டும். வானொலியில் நிரலை எழுதிக் காட்ட இயலாதாகையால் சொல்லிக் காட்டுகிறேன். "மொத்தம் என்று ஒரு பெட்டியை வைத்துக்கொள். அதில் பூச்சியத்தை இடு. இடம் என்று இன்னொரு பெட்டியை வைத்துக்கொள். அதில் ஒன்று என்ற எண்ணை இடு. பட்டியலில் அந்த இடத்திலுள்ள எண்ணை எடுத்து மொத்தத்துடன் கூட்டு. இடத்தை ஒன்று உயர்த்து. இடம் நூற்றைத் தாண்டிவிட்டதா என்று பார். தாண்டவில்லையெனில் மீண்டும் எண்ணை எடு. தாண்டிவிட்டதெனில் மொத்தத்தை நூற்றால் வகு."

எண்வரிசை வழியில் சொல்ல வேண்டியது, "நைலின் சராசரியைத் தா" என்பது மட்டுமே. ஆர் மொழியில் இதற்குரிய செயற்கூற்றின் பெயர் மீன். ஆற்றைப் பற்றிப் பேசும்போது மீன் வந்தது தற்செயலே. இது நீரில் நீந்தும் மீன் அன்று, சராசரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அக்கட்டளைக்குக் கிடைக்கும் விடை 919.35.

இரண்டு வழிகளிலும் விடை ஒன்றேதான். ஆனால் இரண்டு பேச்சுகளையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். முதற்பேச்சில் ஆறும் இல்லை, நீரும் இல்லை. பெட்டிகளும் இடங்களும் தாண்டுதலும் மட்டுமே இருக்கின்றன. நாம் எதை அறிய விரும்பினோம் என்பது அவற்றுக்கிடையே மறைந்து போயிற்று. இரண்டாம் பேச்சில் நம் வினாவே கட்டளையாக நிற்கிறது.

இவ்வேறுபாட்டின் விலையை ஒரு நிகழ்ச்சியால் உணர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் புள்ளியியல் பயின்ற மாணவர் ஒருவருக்கு இந்த நைல் பட்டியலையே கொடுத்திருந்தேன். 1898-ஆம் ஆண்டு முடிய இருந்த நீரோட்டத்தின் சராசரியையும், 1899 முதல் இருந்த நீரோட்டத்தின் சராசரியையும் தனித்தனியே கண்டு ஒப்பிட வேண்டும் என்பது கணக்கு. அவர் உழைப்பில் குறைவில்லாதவர். சி மொழியை முன்னரே கற்றவராகையால் இரண்டு மடக்குகளை எழுதினார். முதல் மடக்கு எத்தனை முறை சுழல வேண்டும் என்பதற்கு 1898-இலிருந்து 1871-ஐக் கழித்து, 27 என்று கண்டு, 27 முறை சுழல விட்டார். இரண்டாம் மடக்குக்கு 1899 எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பட்டியலில் விரல் வைத்து எண்ணி, 29 என்று கண்டு, 29 முதல் 100 வரை ஓட விட்டார். முதற்பகுதியின் சராசரி 1097.67 என்றும், பிற்பகுதியின் சராசரி 849.97 என்றும் விடைகள் வந்தன.

விடைகளைப் பார்த்தவர்கள் எவரும் ஐயுற மாட்டார்கள். நானும் முதலில் ஐயுறவில்லை. வழக்கமாகச் செய்யும் சோதனையாக, "இரண்டு பகுதிகளின் மொத்தங்களையும் கூட்டிப் பாருங்கள்" என்றேன். கூட்டினார், 90,835 வந்தது. முழுப் பட்டியலின் மொத்தமோ 91,935. இடையே 1,100 காணவில்லை. அலகைக் கொண்டு பெருக்கினால் 11,000 கோடி கன மீட்டர் நீர்! அது எங்கே போயிற்று?

ஐந்தாம் தேதி முதல் பத்தாம் தேதி வரை எத்தனை நாட்கள் என்று கேட்டால், சட்டென்று ஐந்து என்று சொல்லிவிடுகிறவர்கள் பலர். விரல் விட்டு எண்ணினால்தான் ஆறு என்பது தெரியும். அவ்வாறே 1871 முதல் 1898 முடிய உள்ள ஆண்டுகள் 27 அல்ல, 28. முதல் மடக்கு 1897-உடன் நின்றுவிட்டது. இரண்டாம் மடக்கு 1899-இல் தொடங்கிற்று. 1898-ஆம் ஆண்டு இரு பகுதியிலும் சேராமல் நடுவே விழுந்துவிட்டது. அவ்வாண்டுக்குரிய எண்தான் 1100. அதனைச் சேர்த்தால் முதற்பகுதியின் சரியான சராசரி 1097.75.

1097.67-க்கும் 1097.75-க்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. அதற்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வேறுபாடு சிறிதாக இருந்ததே இங்குள்ள ஆபத்து. பெரிய பிழையாயின் கண்ணில் பட்டிருக்கும். சிறிய பிழை நல்ல விடையின் உடையை உடுத்திக்கொண்டு தாளில் உட்கார்ந்துவிடுகிறது. விட்டுப்போன ஆண்டு 1913 போன்ற கொடிய வறட்சி ஆண்டாக இருந்திருந்தால் முடிவு எவ்வளவு மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அணை கட்டுவோரும், மருந்தின் பயனை ஆராய்வோரும், விளைச்சலை மதிப்பிடுவோரும் இத்தகைய கணக்குகளையே நம்பி முடிவு செய்கின்றனர்.

இதே கணக்கை எண்வரிசை வழியில் எவ்வாறு செய்வது? 1871 முதல் 1970 வரை ஆண்டுகளையும் ஓர் எண்வரிசையாக அமைத்துக்கொள்கிறோம். பிறகு, "ஆண்டு 1898-க்கு மேற்படாததா?" என்று அவ்வரிசை முழுவதையும் ஒரே முறை கேட்கிறோம். ஒரு கேள்விக்கு நூறு விடைகள் வருகின்றன: ஆம், ஆம், ஆம் என்று தொடங்கி, இல்லை, இல்லை என்று முடிகின்ற ஒரு வரிசை. இந்த ஆம்-இல்லை வரிசையை நைல் வரிசையின் மேல் ஒரு சல்லடையைப் போல வைத்தால், ஆம் என்ற இடங்களிலுள்ள எண்கள் மட்டும் கிடைக்கின்றன. அவற்றின் சராசரியைக் கேட்கிறோம், 1097.75 வருகிறது. பிற்பகுதி வேண்டுமா? அதே சல்லடையை மறுதலித்து, ஆம் என்பதை இல்லையாகவும் இல்லை என்பதை ஆமாகவும் மாற்றிவிடுகிறோம், 849.97 வருகிறது. ஓர் ஆண்டு சல்லடையில் நிற்க வேண்டும், அல்லது கீழே விழ வேண்டும். இரண்டிலும் சேராமல் போக வழியே இல்லை. மாணவரின் மடக்கில் நேர்ந்த பிழை இங்கு நேர இடமே கிடையாது. ஏனெனில் எத்தனை ஆண்டுகள் என்று நாம் எண்ணவே இல்லை.

எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கும் எளிய வழி உண்டு. ஆம் என்பதை ஒன்றாகவும் இல்லை என்பதைப் பூச்சியமாகவும் கொண்டு ஆர் மொழி கூட்டித் தரும். ஆம்-இல்லை வரிசையைக் கூட்டு என்றால் 28 என்ற விடை வருகிறது. நீரோட்டம் 1000-க்கு மேற்பட்ட ஆண்டுகள் எத்தனை என்று கேட்டால் 30 என்று வருகிறது. அவற்றுள் 20 ஆண்டுகள் முதல் 28 ஆண்டுகளுக்குள்ளேயே அடங்கியவை. பின்வந்த 72 ஆண்டுகளில் அத்தகைய ஆண்டுகள் பத்தே. ஆறு மெலிந்துவிட்டது என்பதை இவ்விரு எண்களே எடுத்துரைக்கின்றன.

நிரல் எழுதுவதில் இவ்வாறு சிந்திக்கும் முறை நேற்று இன்று தோன்றியதன்று. கனடா நாட்டில் 1920-இல் பிறந்த கென்னத் ஐவர்சன் என்னும் கணித அறிஞர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது, கணக்கு முறைகளைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதிக் காட்டுவதற்கு ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். 1962-இல் அதனை நூலாக வெளியிட்டார். ஏ.பி.எல். என்னும் நிரல்மொழி அந்நூலிலிருந்து பிறந்ததே. அம்மொழியில் ஒரு கூட்டல் குறியும் அதனையடுத்து ஒரு சாய்கோடும் இட்டால், வரிசையிலுள்ள எண்களையெல்லாம் கூட்டு என்பது பொருள். இரண்டே குறிகள்! 1979-இல் கணிப்பொறி இயலின் உயர்ந்த பரிசாகிய டூரிங் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவர் ஆற்றிய பேருரையின் பொருள், குறியீடு சிந்தனைக்கு ஒரு கருவி என்பதே. ரோமானிய எண்களைக் கொண்டு நீண்ட பெருக்கல் செய்து பார்த்தவர்களுக்கு அக்கருத்தின் உண்மை எளிதில் விளங்கும்.

1976-இல் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்சும் அவருடைய தோழர்களும் புள்ளியியலுக்கென்றே எஸ் என்னும் மொழியை உருவாக்கத் தொடங்கினர். அம்மொழியிலும் எண்வரிசையே அடிப்படைப் பொருள். பின்னர் 1990-களின் தொடக்கத்தில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் எஸ் மொழியைத் தழுவி ஆர் மொழியைப் படைத்தனர். இருவர் பெயருக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஆர் என்பது குறிப்பிடத்தக்கது. அம்மொழி உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் தனி எண் என்று ஒன்று இல்லவே இல்லை. ஏழு என்று எழுதினாலும் அஃது ஓர் உறுப்புடைய எண்வரிசையாகவே கொள்ளப்படுகிறது. வர்க்கமூலம் கேட்டாலும், மடக்கை கேட்டாலும், நூறு எண்களைக் கொடுத்தால் நூறு விடைகள் திரும்பி வருகின்றன.

இங்கே ஓர் ஐயம் எழும். கணிப்பொறி நூறு எண்களையும் ஒரே நொடியில் ஒருங்கே கூட்டிவிடுகிறதா? இல்லை. மடக்கு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆர் மொழி, நிரலைப் படித்துப் பொருள் கண்டு நடப்பது. நாம் எழுதும் மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் என்ற பெயர் எதைக் குறிக்கிறது, அதில் உள்ளது முழு எண்ணா, பின்ன எண்ணா, கூட்டல் குறிக்கு இங்கே என்ன பொருள் என்றெல்லாம் அது விசாரிக்க வேண்டியிருக்கிறது. உள்ளமைந்த செயற்கூறோ இவ்விசாரணையைத் தொடக்கத்தில் ஒரே முறை முடித்துக்கொள்கிறது. பிறகு வேலையைச் சி மொழியில் எழுதி முன்கூட்டியே எந்திரமொழிக்குப் பெயர்த்து வைத்த ஒரு சிறு மடக்கிடம் ஒப்படைக்கிறது. அது தடையின்றி ஓடி முடித்துவிடுகிறது. அம்மடக்கை எழுதியவர்கள் தேர்ந்தவர்கள். அதனைச் சோதித்தவர்கள் பல்லாயிரவர். நாம் புதிதாக எழுதும் மடக்கைச் சோதிப்பவர் நாம் ஒருவரே.

வேகத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆர் மொழியில் மடக்கு என்றாலே ஆமை நடை என்று பழைய நூல்கள் எச்சரிக்கும். 2017-இல் வெளிவந்த 3.4.0 பதிப்பு முதல், மடக்குகளை ஓடவிடுமுன் ஓரளவு பெயர்த்து வைத்துக்கொள்ளும் முறை இயல்பாகவே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய எச்சரிக்கை முழு அளவில் இன்று பொருந்தாது. ஆயினும் மாணவர் செய்யும் ஒரு தவறு இன்றும் காலத்தை விழுங்குகிறது. வெறும் வரிசையொன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் பழைய வரிசையோடு ஒரு புதிய எண்ணை ஒட்டி, புதிய வரிசை செய்வதே அத்தவறு. வீட்டில் ஒரு புதிய பாத்திரம் வாங்குந்தோறும், இருக்கும் பாத்திரங்களையெல்லாம் சற்றே பெரிய வேறொரு வீட்டுக்குத் தூக்கிச் செல்வதைப் போன்றது அது. ஆயிரம் எண்கள் என்றால் ஏறத்தாழ ஐந்து லட்சம் முறை எண்கள் படியெடுக்கப்படும். ஒரு லட்சம் எண்கள் என்றால் ஏறத்தாழ ஐந்நூறு கோடி முறை! மடக்கை எழுதத்தான் வேண்டுமெனில், எத்தனை விடைகள் வரும் என்று முன்னரே கணித்து, அத்தனை இடங்களுடைய வரிசையை முதலிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

எண்வரிசை வழியின் நன்மைகளையே கூறி, அதன் பள்ளங்களைக் காட்டாமல் விடுவது முறையாகாது. மூன்று பள்ளங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நீளம் ஒவ்வாமை. நூறு எண்களுடைய வரிசையோடு பத்து எண்களுடைய வரிசையைக் கூட்டச் சொன்னால், ஆர் மொழி மறுத்துவிடும் என்று நினைப்பீர்கள். அது மறுப்பதில்லை. பத்து எண்களையும் திரும்பத் திரும்பப் பத்து முறை பயன்படுத்தி நூற்றையும் நிரப்பிவிடும். நூறு என்பது பத்தின் மடங்காகையால் ஓர் எச்சரிக்கையும் வாராது. ஏழு எண்கள் என்றால் மட்டும் எச்சரிக்கும். வேண்டுமென்றே பயன்படுத்தினால் இது நல்ல வசதி. அறியாமல் விழுந்தால் பெருங்குழி. ஆகவே இரு வரிசைகளைச் சேர்க்குமுன் அவற்றின் நீளங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும்.

இரண்டாவது, விடுபட்ட எண்கள். ஓராண்டின் அளவு குறிக்கப்படாமல் விட்டுப்போயிருந்தால், அவ்விடத்தில் அறியப்படாதது என்ற அடையாளம் நிற்கும். அத்தகைய வரிசையின் சராசரி கேட்டால் விடையும் அறியப்படாதது என்றே வரும். சல்லடையில் நிற்பதும் விழுவதுமாகிய இரு நிலைகளுக்கு நடுவே மூன்றாம் நிலை ஒன்று இவ்வாறு நுழைந்துவிடுகிறது. இதனைக் குறையென்று எண்ணி எரிச்சலடையாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நேர்மையே. விடுபட்டவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடு என்று கட்டளையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்படி ஒதுக்குவது தகுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, மடக்கு உண்மையிலேயே வேண்டப்படும் இடங்கள். ஓர் அணையில் இவ்வாண்டு இறுதியில் நிற்கும் நீர், சென்ற ஆண்டு நின்ற நீரைப் பொறுத்தது. வந்த நீரைக் கூட்டி, விட்ட நீரைக் கழிக்க வேண்டும். அணை நிரம்பினால் மிகுதி வழிந்தோடும். வறண்டால் பூச்சியத்திற்குக் கீழே செல்லாது. முதல் ஆண்டின் முடிவு தெரியாமல் இரண்டாம் ஆண்டைத் தொடங்கவே முடியாது. இத்தகைய கணக்கில் மடக்கே இயற்கையான வடிவம். அதனை வலிந்து ஒரே வரியில் திணிக்க முயல்வது புலமையாகாது. உள்ளே மடக்கையே வைத்துக்கொண்டு வெளியே ஒரே கட்டளை போலத் தோன்றும் செயற்கூறுகளும் சில உண்டு. அவை எழுதுவதைச் சுருக்கும். ஆனால் வேகத்தை மிகுதியும் கூட்டிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது.

எனினும், முன்னதைப் பின்னது சார்ந்திருக்கிறது என்று கண்டவுடனே மடக்குக்கு ஓடிவிடவும் வேண்டா. தொடர்ந்து கூட்டிக்கொண்டே செல்லும் செயலுக்கு உள்ளமைந்த செயற்கூறு ஒன்று இருக்கிறது. அதனைக் கொண்டு நைல் பட்டியலிலிருந்து ஓர் அரிய செய்தியைப் பெறலாம்.

நூறு எண்களிலிருந்தும் சராசரியாகிய 919.35-ஐக் கழியுங்கள். ஒரே கட்டளை போதும். முதல் எண் 1120, கழித்தால் 200.65. இரண்டாம் எண் 1160, கழித்தால் 240.65. சராசரிக்கு மேற்பட்ட ஆண்டுகளில் மிகுதியும், கீழ்ப்பட்ட ஆண்டுகளில் குறையும் கிடைக்கின்றன. அடுத்து, அவ்விலகல்களைத் தொடர்ந்து கூட்டிச் செல்லுங்கள். அதற்கும் ஒரு கட்டளை போதும். 200.65, பிறகு 441.30, பிறகு 484.95 என்று மொத்தம் ஏறியும் இறங்கியும் செல்கிறது. மூன்றாவதாக, இம்மொத்தம் எந்த இடத்தில் உச்சத்தை அடைகிறது என்று கேளுங்கள். விடை 28 என்று வருகிறது. இருபத்தெட்டாம் இடம் 1898-ஆம் ஆண்டு. அங்கே மொத்தம் 4995.2. அதன்பின் இடையிடையே சற்று ஏறினாலும் பெரும்பாலும் சரிந்து, நூறாம் ஆண்டில் பூச்சியத்தில் வந்து நிற்கிறது.

நம் மாணவருக்கு 1898 என்ற ஆண்டை நான் ஏன் கொடுத்தேன் என்பது இப்போது விளங்கும். ஆற்றின் போக்கு அவ்வாண்டையொட்டியே மாறியிருக்கிறது. அவருடைய இரு மடக்குகளுக்கு நடுவே விழுந்த ஆண்டும் அதுவே. மூன்று சிறு கட்டளைகள், எவரும் ஆண்டைக் குறித்துக் கொடாமலே, அம்மாற்றத்தைத் தாமே காட்டிவிட்டன. விலகல்களைத் தொடர்ந்து கூட்டிப் பார்க்கும் இவ்வழி நைல் ஆற்றுக்குப் புதிதன்று. எகிப்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய நீரியல் அறிஞர், பல்லாண்டு நீரைச் சேமிக்க அணை எவ்வளவு கொள்ள வேண்டும் என்பதை ஆராய்ந்து 1951-இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய கூட்டலையே அடிப்படையாகக் கொண்டார்.

மாற்றத்திற்குக் காரணம் என்ன? அசுவானில் பழைய அணை 1902-இல் கட்டி முடிக்கப்பட்டது. நைலின் வெள்ளத்திற்குப் பெரும்பகுதி நீரை அளிப்பது எத்தியோப்பிய மலைநாட்டின் மழை. அணையா, மழையா, இரண்டுமா என்பதை இந்நூறு எண்கள் தாமே சொல்லிவிட மாட்டா. எப்போது மாறிற்று என்பதை எண்கள் சொல்லும். ஏன் மாறிற்று என்பதற்கு மழைக் கணக்கையும் அணைக் கணக்கையும் தேடிச் செல்ல வேண்டும். எண்வரிசைக் கட்டளைகள் நமக்கு மீத்துத் தரும் நேரத்தை இத்தகைய தேடலுக்கே செலவிட வேண்டும்.

மாணவ நண்பர்களே, இறுதியாக ஒரு வழக்கத்தை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். நிரல் எழுத உட்காருமுன், நீங்கள் அறிய விரும்புவதை ஒரே வாக்கியத்தில் தாளில் எழுதுங்கள். "1898 முடிய உள்ள ஆண்டுகளின் நீரோட்டச் சராசரி" என்பது போல அது இருக்கட்டும். அவ்வாக்கியத்தில் முதலாவது, இரண்டாவது, அடுத்தது என்ற சொற்கள் வரவில்லையெனில், நிரலிலும் அவை வரத் தேவையில்லை, அதற்குரிய செயற்கூறு பெரும்பாலும் மொழியிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள். "சென்ற ஆண்டு மிஞ்சியதோடு இவ்வாண்டு வந்ததைச் சேர்த்து" என்று வாக்கியம் அமைந்தால், மடக்கு வேண்டியிருக்கலாம். அப்போது தயங்காமல் எழுதுங்கள். எவ்வழியில் சென்றாலும், விடை வந்தவுடன் ஒரு முறை பகுதிகளைக் கூட்டி முழுமையோடு ஒப்பிடுங்கள். இருபத்தெட்டும் எழுபத்திரண்டும் நூறு ஆகின்றனவா என்று பாருங்கள். அம்மாணவர் இப்போது தாமே ஆசிரியராக இருக்கிறார். தம் வகுப்பில் முதல் நாள் நைல் பட்டியலைக் கொடுத்து, தாம் தொலைத்த ஆண்டைப் பற்றிச் சொல்லியே பாடத்தைத் தொடங்குகிறாராம்.